மூக்கைத் தூக்கி நடக்கும் நாய்

தருமபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ஆட்டுப் பட்டி உண்டு. சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம், பட்டியில் ஒரு குட்டி குறைந்தது. இரண்டு தடவை எண்ணியும் கணக்கு சரியாக வரவில்லை. பட்டி நாய் மணியை அவிழ்த்துக்கொண்டு சித்தப்பா கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

நாய் தரையை முகர்ந்துகொண்டே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். மணி தரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடைக்குக் குறுக்கே இந்தப் பக்கம் பத்து அடி, அந்தப் பக்கம் பத்து அடி என்று வளைந்து வளைந்து நடந்தது. நான் டார்ச்சை அங்கும் இங்கும் அடித்தேன். "வெளிச்சத்த விட்டுட்டு காத்துக்கு எதிர்ல வாடா, அது கூட்டிக்கிட்டுப் போவும்" என்றார் சித்தப்பா. கொஞ்ச தூரத்தில் மணியின் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. அப்புறம் அது வளையவே இல்லை, நேராக ஓடியது. உண்ணிச்செடிப் புதருக்குள் கால் சிக்கிக் குட்டி கிடந்தது. கத்திக் கத்தித் தொண்டை வற்றிப் போய்ச் சத்தமே வரவில்லை அதற்கு.

மணிக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. ஆனால் நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டுக்கு அடியில் மூச்சோடு கிடப்பவரைக் கண்டுபிடிக்கும் நாயும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த நாயை ஆங்கிலத்தில் "சர்ச் அண்ட் ரெஸ்க்யூ டாக்" என்பார்கள். தமிழில் தேடல் மீட்பு நாய் என்று சொல்லலாம். நம் ஊரில் மோப்ப நாய் என்றால் திருட்டு நடந்த வீட்டுக்கு வந்து தெருமுனை வரை ஓடும் போலீஸ் நாய்தான் நினைவுக்கு வரும். அதுவும் மீட்பு நாயும் உறவுக்காரர்கள்தான், ஆனால் தொழில் வேறு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் பொம்மை மாதிரி உருண்டு போனதை நாடே பார்த்தது. அதே மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி பக்கத்து மாவட்டத்தில், திருவண்ணாமலையில், மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மோப்ப நாய்களும் வந்தன. ஊத்தங்கரையில் இருக்கும் என் அக்கா மகன் அதை டிவியில் பார்த்துவிட்டு என்னிடம் போனில் கேட்டான்: "மாமா, உள்ள ஆள் இருக்குன்னு அந்த நாய்க்கு எப்படித் தெரியும்? அதுக்கு யாரு சொல்லித் தந்தா?" நல்ல கேள்வி. போனில் பத்து நிமிடம் பேசியும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் வாசனை

நம் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் உடம்பை விட்டுப் பறக்கின்றன. அவற்றோடு வியர்வை, தோலின் எண்ணெய், அங்கே வாழும் நுண்ணுயிர்கள், மூச்சுக் காற்று எல்லாம் கலந்ததுதான் மனித வாசனை. ஒரு ஆள் அசையாமல் கிடந்தாலும் இது நிற்பதில்லை. மயங்கிக் கிடந்தாலும் நிற்பதில்லை. கூப்பிட முடியாதவரின் உடம்பு அவரை அறியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் தகவல் இது.

இந்தத் தகவலைப் படிக்கிற கருவி நாயின் மூக்கு. நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் 50, 60 லட்சம் இருக்கும். நாய்க்கு அது இனத்தைப் பொறுத்து 20 கோடியைத் தாண்டும். எண்ணிக்கை ஒரு பாதிதான். மூக்கின் அமைப்பு இன்னொரு பாதி. நாம் மூச்சை உள்ளே இழுக்கும் வழியாகவே வெளியே விடுகிறோம், உள்ளே வரும் வாசனையை நாமே ஊதிக் கலைத்துவிடுகிறோம். நாயின் மூக்குத் துவாரத்தை உற்றுப் பாருங்கள், பக்கவாட்டில் ஒரு கீறல் இருக்கும். வெளிவிடும் காற்று அந்தக் கீறல் வழியாகப் பின்பக்கம் போகிறது. முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. மோப்பம் பிடிக்கும்போது ஒரு விநாடிக்குள் நாலைந்து முறை உறிஞ்சும். உள்ளே போன காற்றில் ஒரு பங்கு மூச்சுக்குப் போகாமல் மோப்பத்துக்கென்றே இருக்கும் பின்னறைக்குத் தனியாகப் பிரிந்து போகிறது. இரண்டு துவாரமும் தனித்தனியாகக் காற்றைப் பிடிப்பதால் வாசனை எந்தப் பக்கம் அதிகம் என்பதும் அதற்குத் தெரிந்துவிடும்.

சரி, மூக்கு இருக்கிறது. ஆனால் மூக்கு தேடிப் போவதில்லை, வாசனைதான் மூக்கைத் தேடி வரவேண்டும். அதைக் கொண்டுவருவது காற்று. மீட்பு நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும் என்றால் நான் காற்றைத்தான் சொல்வேன்.

அடுப்புப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கிக்கு அருகில் குறுகலாக இருக்கும், தள்ளிப் போகப் போக விரியும், மெலியும். ஒரு ஆளிடமிருந்து கிளம்பும் வாசனையும் காற்று போகும் திசையில் இப்படித்தான் கூம்பு மாதிரி விரிகிறது. கூம்புக்கு வெளியே நிற்கும் நாய்க்கு ஆள் இருபது அடியில் இருந்தாலும் தெரியாது. கூம்புக்குள் நுழைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியும் தெரியலாம். அதனால்தான் மணி காற்றுக்குக் குறுக்கே வளைந்து நடந்தது. எங்கேயாவது அந்தக் கூம்பின் ஓரத்தில் இடிப்போம் என்று வலை வீசுகிற நடை அது. இடித்த கணத்தில்தான் தலை திரும்பும். நாயைப் பழக்கி நடத்துபவரை ஹேண்ட்லர் என்கிறார்கள். அவர் கண் நாள் முழுக்கக் காத்திருப்பது அந்தத் தலைத் திருப்பலுக்குத்தான்.

காற்று ஒரே மாதிரி வீசுவதில்லை, குறிப்பாக எங்கள் ஊர் மாதிரி மலை நிலத்தில். வத்தல்மலையிலோ சித்தேரியிலோ ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் சொல்வார். வெயில் ஏறினால் சரிவு சூடாகிக் காற்று அடிவாரத்திலிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்ததும் கனத்த காற்று சரிவு வழியே கீழே இறங்கும். ஆகவே, மலையில் ஒருவர் நடுச் சரிவில் காணாமல் போயிருந்தால், பகலில் நாயை அவருக்கு மேல்பக்கம் நடத்த வேண்டும், இரவில் கீழ்ப்பக்கம். அதே நாய், அதே ஆள், அதே இடம். தப்பான நேரத்தில் தப்பான பக்கம் நடத்தினால் நாய் பக்கத்திலேயே கடந்து போய்விடும். பள்ளங்களிலும் ஓடைகளிலும் வாசனை குளம் மாதிரித் தேங்கும். பாறை இடுக்கில் சுழலும். அந்தி, அதிகாலை, லேசான ஈரம், மெல்லிய காற்று இவையெல்லாம் தேடலுக்குத் தோதான நேரம். உச்சி வெயிலில் வாசனை மேலே கிளம்பிச் சிதறிவிடும்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வேலை

மீட்பு நாய் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பிரிவுகள் உண்டு.

தரையில் மூக்கை வைத்துப் போகும் நாய் ஒரு வகை. அதற்குக் காணாமல் போனவர் உடுத்திய துணியை முகரக் கொடுப்பார்கள். ஆயிரம் பேர் நடந்த பாதையிலும் அந்த ஒருவரின் தடத்தை மட்டும் பிடித்துப் போகும். மணி மாதிரிக் காற்றில் மோப்பம் பிடிப்பது இரண்டாவது வகை. பெரும்பாலும் இதற்குக் குறிப்பிட்ட ஆள் என்று கிடையாது, அந்தக் காட்டில் எந்த மனித வாசனை வந்தாலும் அதை நோக்கிப் போகும்.

மூன்றாவது, இடிபாடுகளில் வேலை செய்யும் நாய். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கோ சென்னைக்கோ ஆள் போகாத கிராமம் அபூர்வம். 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தார்கள், 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டடம் அப்படி விழும்போது தளங்கள் தோசை அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தூணோ படிக்கட்டோ தாங்கிய இடத்தில் ஒரு ஆள் ஒடுங்கிக் கிடக்கும் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி எங்கே என்று தெரியாமல் ஜேசிபியை இறக்கினால் அதுவே மூடிவிடும். வாசனை அந்தப் பொந்திலிருந்து விரிசல் வழியாக மேலே கசிகிறது. நாய் அந்த விரிசலைக் கண்டுபிடித்துக் குரைக்கிறது.

எதற்குக் குரைக்க வேண்டும்? தோண்டிக் காட்டலாமே என்று தோன்றும். இடிபாட்டில் நாய் தோண்டினால் கல் சரிந்து அடியில் கிடப்பவர் மேல் விழலாம். அதுவும் இல்லாமல், ஹேண்ட்லர் பெரும்பாலும் தூரத்தில்தான் நிற்பார். சத்தம்தான் அவருக்கு எட்டும். அதனால் வாசனை தடித்த இடத்தில் நின்று விடாமல் குரைப்பது இந்த நாயின் பாஷை. காட்டில் தேடும் நாய்களில் சில ஆளைக் கண்டதும் ஹேண்ட்லரிடம் திரும்பி ஓடி வந்து, அவரை அழைத்துக்கொண்டு மறுபடி போகும்.

நாலாவது வகை, இறந்தவர்களைத் தேடும் நாய். உடல் சிதையும்போது வரும் வாசனைக்கு மட்டும் பழக்கப்பட்டது. கண்டால் பெரும்பாலும் குரைக்காது, உட்காரும் அல்லது படுக்கும். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் கேரளப் போலீஸின் மாயா, மர்ஃபி என்ற இரண்டு பெல்ஜியன் மாலினோய் நாய்கள் இந்த வேலையைச் செய்தன. இதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். உடலைப் பார்த்து வழியனுப்ப முடியாத வீட்டில் துக்கத்துக்கு முடிவே கிடையாது. ஒகேனக்கலில் ஆற்றோடு போனவர்களுக்காகக் கரையில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீருக்குள் மூழ்கிய உடலின் வாசனைகூட மேலே வரும். அதற்குப் பழகிய நாயைப் படகின் முன்னால் உட்காரவைத்துத் தேடுவார்கள். ஓடும் ஆற்றில் நாய் காட்டும் இடத்துக்கு மேல்பக்கம்தான் உடல் இருக்கும், ஏனென்றால் வாசனை மேலே வந்து சேர்வதற்குள் தண்ணீர் அதைக் கீழே தள்ளியிருக்கும்.

விடாத குட்டி

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினோய். மீட்புப் படைகளில் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான். நம்முடைய சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்கள் எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இவற்றில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்துத் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மோப்பம் இருக்கிறது, ஆனால் முயல் ஓடினால் கால் நிற்காது. அதற்காக முடியாது என்று இல்லை. கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாயும் கண்ணால் துரத்தும் இனம்தான், அதை ராணுவமும் எல்லைப் பாதுகாப்புப் படையும் பழக்கி எடுத்திருக்கின்றன. நம் வெயிலைத் தாங்கும் உடம்பு நம் நாய்களுக்கு உண்டு என்பது பெரிய பலம். இனத்தைவிட அந்த ஒரு குட்டியின் குணம்தான் முக்கியம்.

குணத்தை எப்படிப் பார்ப்பது? குட்டிக்குப் பிடித்த பந்தைக் காட்டி, புல் மண்டிய இடத்தில் எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து அவிழ்த்துவிடுவார்கள். பந்து கண்ணில் படவில்லை. ஒரு குட்டி இரண்டு நிமிடம் தேடிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும். நல்ல குட்டிதான், வீட்டில் வளர்க்க அருமையான குட்டி. இன்னொன்று ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கூப்பிட்டாலும் வராமல் அந்தப் புல்லையே உழுதுகொண்டிருக்கும். மீட்புக்கு அந்தக் குட்டிதான் வேண்டும். பக்கத்தில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். திடுக்கிடுவது தப்பில்லை, திடுக்கிட்ட பின் எவ்வளவு சீக்கிரம் தட்டருகே வந்து முகர்கிறது என்பதுதான் கணக்கு. மனிதர்களைக் கண்டால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் குட்டியாகவும் இருக்க வேண்டும். அந்நியரைக் கண்டு உறுமும் நாய் காவலுக்கு நல்லது. இடிபாட்டுக்குள் கிடக்கும் குழந்தைக்கு முன்னால் அது வேண்டாம்.

பயிற்சி என்னும் விளையாட்டு

பயிற்சி கண்ணாமூச்சி விளையாட்டில்தான் தொடங்குகிறது. ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் பந்தை ஆட்டிக் காட்டி ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் ஒளிவார். விட்டதும் குட்டி பாய்ந்து போய்க் கண்டுபிடிக்கும். உடனே அங்கே திருவிழாதான். பந்தை இழுத்து விளையாடுவார், தடவிக் கொடுப்பார், கொஞ்சுவார். அடுத்த முறை ஒளிபவர் கொஞ்சம் தூரம் போவார். அதற்கடுத்து ஓடுவதைக் குட்டி பார்க்க முடியாமல் மறைப்பார்கள். இந்த இடத்தில்தான் கண்ணை விட்டு மூக்குக்கு மாறுகிறது. பார்த்த ஆளைத் தேடிய குட்டி, பார்க்காத ஆளையும் தேடலாம் என்று கண்டுகொள்கிறது.

அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறப்பார்கள். ஒளிபவர் மாறிக்கொண்டே இருப்பார்: கிழவர், குழந்தை, சேலை கட்டியவர், பீடி வாசனை வீசுபவர். எல்லாரும் மனிதர்தான், எல்லாரையும் கண்டுபிடித்தால் பந்து வரும் என்று அதற்கு உறைக்க வேண்டும். கோழி, ஆடு, தெரு நாய், வழியில் கிடக்கும் சாப்பாடு இவற்றைக் கடந்து போகப் பழக்குவார்கள். ஆடும் பலகை, சாய்ந்த ஏணி, இருட்டுக் குழாய் இவற்றில் ஏறி இறங்கவும், தூரத்திலிருந்து காட்டும் கைச் சைகைக்கு இடமோ வலமோ போகவும் கற்றுக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் ஆளை வைத்து, குரைத்தால்தான் கதவு திறக்கும் என்று பழக்குவதிலிருந்து இடிபாட்டு நாயின் குரைப்பு உறுதியாகிறது. இதெல்லாம் முடிந்து தேர்வில் தேறுவதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடும். தேறாத நாய்களும் உண்டு, அவை வேறு வேலைக்கோ வீட்டுக்கோ போகும்.

ஆளே இல்லாத இடத்திலும் தேடவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. நாய் ஆசையில் பொய்யாகக் குரைக்கக் கூடாது. உண்மையான பேரிடரில் ஒரு பொய்க் குரைப்பு என்பது மீட்புக் குழுவின் பல மணி நேரம். அந்த நேரத்தில் வேறொரு இடத்தில் ஒருவர் மூச்சு நின்றுவிடலாம். "இங்கே யாரும் இல்லை" என்று நாய் நம்பகமாகச் சொல்வதும் கண்டுபிடிப்பதற்குச் சமம்.

இதில் ஹேண்ட்லருக்கும் பாதிப் பயிற்சி. நாய் நம் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரன். "இங்கேதான் இருப்பார்" என்று ஹேண்ட்லர் மனதுக்குள் முடிவு கட்டி, ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சைப் பிடித்தாலே போதும், அவரைத் திருப்திப்படுத்த நாய் குரைத்துவிடலாம். ஆகவே, அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாது. நாய் ஒரு பக்கம் இழுத்து, அறிவு இன்னொரு பக்கம் இழுத்தால் நாய் பக்கம் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபம். படித்த, சீருடை போட்ட மனிதருக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் இல்லை என்று நினைக்கிறேன்.

களத்தில்

2023 பிப்ரவரி 6-ஆம் தேதி துருக்கியில் நிலநடுக்கம். நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை நாய்களோடு அங்கே போனது. காசியன்டெப் மாகாணத்தில் நூர்தாகி என்ற ஊரில் ஜூலி என்ற லாப்ரடார் ஒரு இடிபாட்டின் மேல் நின்று குரைத்தது. உடனே தோண்டத் தொடங்கவில்லை. ஜூலியை இறக்கிவிட்டு, ரோமியோ என்ற இன்னொரு லாப்ரடாரைத் தனியாக ஏற்றினார்கள். அதுவும் அதே இடத்தில் நின்று குரைத்தது. ஆறு வயதுச் சிறுமி உயிரோடு வெளியே வந்தாள். ஒரு நாய் சொன்னதை இன்னொரு நாயிடம் கேட்டு உறுதி செய்வது இந்தத் தொழிலின் வழக்கம்.

இடிபாட்டில் ஏறும்போது பல நாய்களுக்குக் கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றிவிடுவார்கள். கம்பியில் மாட்டினால் உயிர் போய்விடும். காலுக்கு உறை போட்டால் விரல்களால் பற்றிப் பிடிக்க முடியாது என்பதால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. கண்ணாடித் துண்டு, ஆணி, சிமென்ட் தூசி எல்லாம் இருக்கும் இடத்தில் வெறும் உடம்போடு போகிறது.

தொடர்ந்து வேலை செய்யவும் முடியாது. இருபது, முப்பது நிமிடம் தீவிரமாகத் தேடினால் ஓய்வு வேண்டும். நாய் வியர்வையால் உடம்பைக் குளிர்விப்பதில்லை, இரைத்துத்தான் குளிர்விக்கிறது. வாயைத் திறந்து இரைக்கும்போது மோப்பம் குறைந்துவிடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாறை மேல் மதியம் ஒரு மணிக்கு நாயை இறக்கினால் பாதம் கொப்பளிக்கும், மூக்கும் வேலை செய்யாது. புறங்கையைப் பாறையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயையும் அங்கே நடத்தக் கூடாது.

இங்கே பொதுமக்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் நடந்தது. மறதி நோய் வந்த ஒரு பாட்டி சாயங்காலம் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஊரே திரண்டு பந்தம், டார்ச், பைக்கோடு காடு மேடெல்லாம் தேடியது. நல்ல மனதோடுதான் செய்தோம். அவர் கடைசியாக நின்ற இடத்தையும் வீட்டுக் கொல்லையையும் நூறு பேர் மிதித்துத் தள்ளிவிட்டோம். அவருடைய சேலைகளை யாரோ மூட்டை கட்டி, மற்றவர் துணியோடு போட்டுவிட்டார்கள். தடம் பிடிக்கும் நாய் வந்திருந்தால் அதற்கு நாங்கள் எதையுமே மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலை மேட்டுக் கொல்லையில், பரண் அடியில் அவர் உயிரோடு கிடைத்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். அன்று நாங்கள் செய்திருக்க வேண்டியது: கடைசியாகப் பார்த்த இடத்தைக் கயிறு கட்டி விட்டுவிடுவது, அவர் உடுத்திய துவைக்காத துணி ஒன்றைக் கையால் தொடாமல் சுத்தமான கவருக்குள் போட்டு வைப்பது, உடனே 112-க்கோ மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ அழைப்பது. நாய் வேலை செய்யும்போது கூட்டம் விலகி நிற்க வேண்டும். பிஸ்கட் போடக் கூடாது, சீட்டி அடிக்கக் கூடாது. இடிபாடு என்றால் பொக்லைனை நிறுத்தி எல்லாரும் வாய் மூடி நிற்கும் அந்த ஐந்து நிமிட அமைதிக்கு ஒத்துழைக்க வேண்டும். உள்ளே இருந்து வரும் முனகலும் நாயின் குரைப்பும் அந்த அமைதியில்தான் கேட்கும்.

யாரும் உயிரோடு கிடைக்காத நாள்

நாய்க்குப் பேரிடர் என்றால் என்னவென்று தெரியாது. தேடினால் ஒரு மனிதர் கிடைப்பார், கிடைத்தால் பந்து வரும் என்பது மட்டும் தெரியும். அந்த நம்பிக்கையை அதற்குள் விதைத்தது நாம்தான். இடிபாட்டில் நாலாவது, ஐந்தாவது நாளில் உயிருள்ளவர் யாருமே கிடைக்காமல் போகும். நாய் காலையிலிருந்து தேடும், ஒன்றும் வராது. வால் தொங்கும், நடை தளரும், படுத்துக்கொள்ளும்.

அப்போது மீட்புக் குழுவில் ஒருவர் போய் இடிபாட்டின் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் ஒளிந்துகொள்கிறார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அங்கே தேடிய நாய்களுக்கும் இப்படிச் செய்தார்கள். நாய் அவரைக் கண்டுபிடிக்கிறது. குரைக்கிறது. தூசி படிந்த அந்த மனிதர் பள்ளத்திலிருந்து எழுந்து, சுற்றிலும் அத்தனை துக்கம் இருக்கும்போது, பந்தை இழுத்து அந்த நாயோடு விளையாடுகிறார். இதை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றேன். நாய்க்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலும் காப்பாற்றுகிறார்கள்.

ஓய்வு

எட்டு, ஒன்பது வயதில் பெரும்பாலான நாய்கள் ஓய்வு பெறுகின்றன. மூக்கு அப்போதும் நன்றாகத்தான் இருக்கும், இடுப்பும் முட்டியும்தான் போகும். லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு பரம்பரையாகவே பலவீனம். மெக்சிகோ கடற்படையின் ஃப்ரிடா என்ற லாப்ரடார், 2017 நிலநடுக்கத்தின்போது கண்ணாடியும் காலுறையும் மாட்டிக்கொண்டு வேலை செய்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. 2019-இல் ஓய்வு பெற்று 2022-இல் இறந்தது. நியூயார்க்கில் தேடிய பிரெட்டன்யா என்ற கோல்டன் ரெட்ரீவர் 16 வயது வரை, 2016 வரை, வாழ்ந்தது.

ஓய்வு பெற்ற நாயைப் பல இடங்களில் ஹேண்ட்லரே தத்தெடுத்துக்கொள்கிறார். அப்படி வீட்டுக்கு வரும் நாயைச் சும்மா படுக்க வைத்தால் வாடிவிடும். வருடக்கணக்கில் தேடிப் பழகிய மூக்குக்கு ஏதாவது வேலை வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பந்தை ஒளித்துவைப்பது, பேரப்பிள்ளைகளை மாடிப்படிக்குக் கீழே ஒளியச் சொல்வது, இவ்வளவு போதும்.

மணி போன வருடம் செத்துப்போனது. அதன் குட்டி ஒன்று பட்டியில் இருக்கிறது. பொங்கல் லீவில் அக்கா மகன் வந்திருந்தபோது, சொன்னதைச் செய்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சித்தப்பா குட்டியைப் பிடித்துக்கொண்டார். பையன் ராகித் தட்டுப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்தான். நான் ஒரு பிடி புழுதியை எடுத்துத் தூவிப் பார்த்தேன், காற்று கிழக்கிலிருந்து வந்தது. அவிழ்த்துவிட்டதும் குட்டி முதலில் போருக்குக் கிழக்கே, காற்று வரும் பக்கமாகவே ஓடி, போரைத் தாண்டி, பையனுக்கு ஆறடி தள்ளி ஒன்றும் தெரியாமல் போனது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். குட்டி கிணற்று மேடு வரை போய்ச் சுற்றிக்கொண்டு, போருக்கு மேற்கே, நாற்பது அடி தூரத்தில் குறுக்கே வந்தது.

தலை சட்டென்று திரும்பியது.